யார் வீட்டுப் பையன்?

தாத்தாவுக்குத் திருவண்ணாமலை தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை கிடைத்த கதையைப் பாட்டி நாலு வார்த்தையில் முடித்துவிடுவாள்: "யார் வீட்டுப் பையன்னு கேட்டார் சிரஸ்தேதார். சொன்னார். அவ்வளவுதான்." அதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் உமேதுவாராக, பைசா சம்பளமில்லாமல், அடங்கலை நகலெடுத்துக்கொண்டு எவனாவது ஓய்வு பெறமாட்டானா என்று அவர் காத்துக் கிடந்ததைப் பெரியப்பாதான் சொன்னார்.

சில குடும்பங்களே உத்தியோகங்களை வளைத்துப் போடக்கூடாது, பல சாதியாருக்கும் பிரித்துக் கொடுங்கள் என்று ரெவின்யூ போர்டு 1854இலேயே கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டிருந்தது. அதை முத்து முத்தான கையெழுத்தில் நகலெடுத்துக் கட்டில் சேர்த்தவர்கள் யார் வீட்டுப் பையன்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1911இல் தாலுகா தென்னாற்காட்டிலிருந்து வடஆற்காட்டுக்குப் போனது. கடலூரைப் பார்த்துக் கும்பிட்டவர்கள் வேலூர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள், அவ்வளவே.

இந்தக் கச்சேரிக் கேள்விக்கு எளிதில் மசியாதவர் ஊரில் ஒரே ஒருவர். 1897 வாக்கில் குருமூர்த்தத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த இளம் சுவாமி. தாலுகா ஆபீஸ் தலைமைக் கணக்கர் வெங்கடராமய்யர், பேரும் ஊரும் தெரியாமல் நகரமாட்டேன், ஆபீஸ் போனாலும் போகட்டும் என்று எதிரே உட்கார்ந்துவிட்டார். பத்தி காலியாக இருந்தால் கணக்கருக்குச் சோறு இறங்குமா? கடைசியில் சுவாமி 'வெங்கடராமன், திருச்சுழி' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். ஆங்கில எழுத்தில் 'ழி' பிடிபடவில்லை. பக்கத்திலிருந்த பெரியபுராணத்தைப் பிரித்து, ஊர்ப்பெயர் வரும் இடத்தைச் சுட்டிக் காட்டினாராம் பின்னாளைய ரமணர்.

1902இல் இன்னொரு ரெவின்யூக்காரர், சிவப்பிரகாசம் பிள்ளை, உத்தியோக வேலையாக வந்தவர் மலையேறிப் போய் அந்தச் சுவாமியிடம் அதே கேள்வியைத் தன் பக்கம் திருப்பிக் கேட்டார்: நான் யார்? பதில் மணலிலும் பலகையிலும் கிடைத்தது. 1910இல் வேலையையே விட்டுவிட்டார். கச்சேரிக்கு ஓர் இடம் காலி.

1929இல் சென்னை மாகாணத்துக்குத் தேர்வாணையம் வந்தது. இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். அதன் வாரிசு டி.என்.பி.எஸ்.சி. யார் வீட்டுப் பையன் என்று கேட்பதில்லை. கேட்கவும் நேரமில்லை: 2022 குரூப் ஃபோருக்கு முதலில் அறிவித்த 7,301 இடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம். தாத்தா ஒன்றரை வருஷம் காத்திருந்தார். என் பேத்தி யாழினிக்கு இது நாலாவது வருஷம். உமேதுவாருக்காவது உட்கார ஒரு பாய் இருந்தது.

போன மாதம் திருமஞ்சன கோபுரத் தெருவில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அவளோடு போனேன். விசைப்பலகையிலிருந்து தலை நிமிராமல் பையன் கேட்டான்:

"உங்க பேருல 'ழி'க்கு எல்-ஆ, இசட்-ஹெச்-ஆ, அக்கா? சர்டிபிகேட்ல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு இருக்கு."

யாழினி என்னைப் பார்த்தாள். கையில் பெரியபுராணம் இல்லை.