தீர்ப்பு பிறகு அறிவிக்கப்படும்

1582-ல் ஸ்பெயினின் சலமாங்கா நகரத்தில், மோந்தமாயோர் என்ற இயேசு சபைச் சாமியார் விவாத சபையில் எழுந்து ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். சிலுவையில் சாக வேண்டும் என்று பிதாவே கட்டளையிட்டிருந்தால், இயேசு தாமாக மனம் ஒப்பிச் செத்தார் என்று எப்படிச் சொல்வது? மேலிடத்து உத்தரவுக்குப் பணிந்ததில் என்ன புண்ணியம்?

பாஞெஸ் என்ற பேராசிரியருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தொமினிக்கன் சபைக்காரர், அவிலா தெரேசாவுக்கே பாவசங்கீர்த்தனம் கேட்டவர். அந்தக் கோபம் அவர் செத்த பிறகும் அடங்கவில்லை.

பாஞெஸ் கட்சியின் வாதம் இது. கடவுள் உள்ளிருந்து அசைக்காமல் மனித மனம் அசையாது. அவர் அசைத்தால் அசையாமலும் இருக்காது. ஆனாலும் மனம் சுதந்திரமாகவே அசைகிறது. ஏனென்றால், சுதந்திரமாக அசையும்படிதான் அவர் அசைக்கிறார். மூன்று தடவை படித்தும் விளங்கவில்லையா? இயேசு சபைக்கும் விளங்கவில்லை.

அவர்கள் பக்கத்து மூளை லூயிஸ் தெ மோலினா. 1588-ல் லிஸ்பனில் தடிமனான புத்தகம் ஒன்றைப் போட்டார். கடவுளுக்கு நடக்கப்போவது மட்டுமல்ல, சூழல் வேறாக இருந்தால் அவரவர் சுதந்திரமாக என்ன செய்திருப்பார்கள் என்பதும் தெரியும் என்றார். பைபிளிலேயே இதற்குச் சாட்சி உண்டு. சவுல் அரசனுக்குப் பயந்து கேகிலா ஊரில் பதுங்கியிருந்த தாவீது, "சவுல் வந்தால் இந்த ஊர்க்காரர்கள் என்னைப் பிடித்துக் கொடுப்பார்களா?" என்று கேட்கிறான். "கொடுப்பார்கள்" என்கிறார் கடவுள். தாவீது மூட்டை கட்டிவிடுகிறான், சவுல் வரவே இல்லை. ஆக, கேகிலாக்காரர்கள் செய்யாத துரோகம்கூட மேலே குறிப்பேட்டில் ஏறியிருந்தது.

நல்ல யோசனைதான். ஆனால் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் இடிக்கிறான். முப்பது வெள்ளிக்காசுக்கு மயங்குவான் என்று முன்பே தெரிந்தவர், சீடர் கூட்டத்தின் பணப்பையை அவனிடமே கொடுத்து வைப்பானேன்? சூழலை அமைத்தது கடவுள், காசை வாங்கியது அவன், அப்போதும் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம் என்பது மோலினா வழி. பாஞெஸ் வழி இன்னும் கறார்: தடுக்கும் அருளைக் கடவுள் கொடுக்கவில்லை, கொடுக்க அவருக்குக் கடமையும் இல்லை. இரண்டில் எந்தப் பதிலைக் கேட்டாலும் யூதாஸுக்கு ஆறுதல் கிடைத்திருக்காது.

நீங்கள் பெலாஜியன் (அருளே தேவையில்லை என்கிறவர்) என்று தொமினிக்கன்களும், நீங்கள் கால்வினிஸ்ட் (மனிதனுக்குச் சுதந்திரமே இல்லை என்கிறவர்) என்று இயேசு சபையினரும் வைதுகொள்ள, வழக்கு ரோமுக்குப் போனது. போப்பாண்டவர் எட்டாம் கிளமெண்ட் கமிஷன் போட்டார். 1598 ஜனவரியில் உட்கார்ந்த கமிஷன் மார்ச்சிலேயே மோலினாவின் புத்தகத்தைத் தடை செய்யச் சொல்லிவிட்டது. ஒரு கமிஷன் இரண்டே மாதத்தில் முடிவு சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மறுபடி பாருங்கள் என்றார் கிளமெண்ட். அதற்குப் பிறகு எல்லாம் வாய்தாதான். 1600-ல், முடிவு தெரியாமலே மோலினா கண்ணை மூடினார்.

அதே 1600-ல், பிப்ரவரி 17 அன்று, அதே கிளமெண்டின் ரோமில் தத்துவஞானி ஜியோர்தானோ புரூனோவை மதத்துரோகி என்று உயிரோடு கொளுத்தினார்கள். தீ வைத்த கையைக் கடவுள் உள்ளிருந்து அசைத்தாரா, இல்லை, அந்தச் சூழலில் அந்தக் கை என்ன செய்யும் என்று பார்த்து வைத்திருந்தாரா என்று கமிஷன் விசாரிக்கவில்லை. அது வேறு டிபார்ட்மெண்ட்.

1602 முதல் கமிஷன் அமர்வுகளுக்குக் கிளமெண்டே தலைமை தாங்கினார். காற்று தங்கள் பக்கம் இல்லை என்று மோப்பம் பிடித்த அல்கலா ஊர் இயேசு சபைக்காரர்கள், 'இந்த கிளமெண்ட் என்பவர்தான் உண்மையான போப்பாண்டவர் என்று நம்புவது விசுவாசக் கடமை அல்ல' என்று ஒரு கருத்தை விவாதத்துக்கு வைத்தார்கள். தர்க்கப்படி பிசகில்லாத வாதம், வைத்த நேரம்தான் சரியில்லை. சிலர் கம்பி எண்ணினார்கள்.

68 அமர்வுகள் நடத்திவிட்டு 1605-ல் கிளமெண்ட் காலமானார். அடுத்து வந்த பதினோராம் லியோ ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஐந்தாம் பவுல் மேலும் 17 அமர்வுகள் கேட்டார். நடுவில் வெனிஸ் அரசோடு அவருக்குத் தகராறு. அவர் பக்கம் நின்றதற்காக 1606-ல் இயேசு சபையை வெனிஸ் துரத்திவிட்டது. தனக்காக அடி வாங்கியவர்களை மறு ஆண்டே மதத்துரோகிகள் என்று எந்த மனுஷன் சொல்வான்?

அந்த 1606 நவம்பரில்தான் இயேசு சபையின் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து சேர்ந்தார். மனிதன் படும் பாட்டுக்கெல்லாம் முற்பிறவி வினையைக் கணக்குக் காட்டுகிறவர்களை மறுத்து, பிறகு 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' எழுதினார். சொந்த வீட்டு வழக்கு ரோமில் கிடப்பது மதுரைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தால் வாதம் சுவாரஸ்யமாகப் போயிருக்கும்.

1607-ல் ஐந்தாம் பவுல் வாய் திறந்தார். இரு கட்சியும் தத்தம் கொள்கையைப் பேசிக்கொள்ளலாம். ஆனால் ஒருவரை ஒருவர் வையக்கூடாது. இறுதி முடிவு தகுந்த காலத்தில் அறிவிக்கப்படும். ஸ்பெயினில் இயேசு சபையினர் 'மோலினா வென்றார்' என்று எழுதி ஒட்டிக் கொண்டாடினார்கள். தோற்கவில்லை என்பதே அவர்களுக்கு வெற்றியாகப் பட்டது.

தகுந்த காலம் இன்னும் வரவில்லை. அது எந்தத் தேதி என்று கடவுளுக்கு முன்பே தெரியும் என்பதில் மட்டும் இரு கட்சிக்கும் பேதமில்லை. அப்படியானால் தேதியைத் தள்ளிப்போடப் போப்பாண்டவருக்குச் சுதந்திரம் உண்டா என்று யாராவது கேட்டுத் தொலைத்தால் 86-வது அமர்வு தொடங்கிவிடும்.