பத்திரிகை மன்னர்கள்: புறமுதுகு முதல் பதுங்கு குழி வரை ஓர் ஆய்வு

தமிழகத்தை ஆண்ட மரபுகள் எவை என்று கேட்டால் சேரர், சோழர், பாண்டியர், பல்லவர் என்று பள்ளிப் பிள்ளைகூட ஒப்பித்துவிடும். களப்பிரரையும் சேர்த்துச் சொன்னால் டீச்சர் தட்டிக்கொடுப்பார். ஆனால் இவர்கள் அத்தனை பேரையும்விட அதிக மன்னர்களைத் தந்த, அதிகப் போர்களில் தோற்ற, தோற்ற மறுவாரமே மறுபடி முடிசூடிக்கொண்ட ஒரு மரபைப் பற்றி எந்தப் பாடநூலும் மூச்சுவிடுவதில்லை. வார இதழ் ஜோக்குகளில் வரும் மன்னர் மரபைத்தான் சொல்கிறேன். அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் சான்றுகள். இம்மரபுக்குக் கல்வெட்டு கிடையாது, செப்பேடு கிடையாது. இருப்பவை பழைய இதழ்களும், பைண்டு செய்த தொடர்கதைகளின் ஓரங்களும், பல்வலிக்காரர்கள் புரட்டிப் புரட்டி அட்டை கிழிந்த கிளினிக் பிரதிகளும்தான். தொடர்கதை சில சமயம் பாதியில் நின்றுபோகும். அதே பக்கத்தின் அடியில் ஒண்டியிருக்கும் மன்னர் முழுசாக இருப்பார். கோயில் கல்வெட்டில் நிவந்தம் கொடுத்தவரின் பெயரும் ஊரும் பொறிப்பதுபோல, இங்கும் ஒவ்வொரு ஜோக்கின் கீழும் இனிஷியலோடு ஒரு பெயர், பக்கத்தில் ஒரு ஊர். 15 பைசா கார்டில் பொடி எழுத்தில் எழுதி ஆசிரியர் குழுவுக்கு அனுப்பியவர் அவர். இம்மரபின் வரலாற்றை எழுதிவைத்த அரசவைப் புலவர்கள் இந்தக் கார்டுக்காரர்களே.

ஓவியச் சான்றைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். சிம்மாசனத்தின் கைப்பிடியில் இரண்டு சிங்கங்கள். இரண்டுமே மன்னரைவிட அதிகம் யோசிப்பதுபோல் இருக்கும். மன்னருக்கு மீசை காதைத் தொடும், தொந்தி முழங்காலைத் தொடும். கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அமைச்சர் ஒல்லி, தாடி வெள்ளை, முதுகில் லேசான வளைவு. ஓரத்தில் இரண்டு காவலர்கள். ஈட்டியைவிடக் கால் மெலிந்தவர்கள். பெரும்பாலான வரலாற்றுச் செய்திகளை நமக்குச் சொல்பவர்கள் இவ்விருவர்தாம். ஒருவன் கேட்பான், மற்றவன் சொல்வான். உலக வரலாற்றில் மன்னர்களின் கதையை ஒற்றர்கள் எழுதியிருக்கிறார்கள், பயணிகள் எழுதியிருக்கிறார்கள். வாசல் காவலர்கள் எழுதியது இங்கு மட்டுமே.

இனி ஆட்சிமுறை. நாட்டுக்குப் பெயர் இல்லை. எதிரி நாட்டுக்கும் இல்லை. அது 'பக்கத்து நாடு'. வரி உண்டு, கஜானா காலி. தளபதிக்கு வீரத்தைவிட மூச்சு அதிகம். இளவரசர் இருப்பதாகத் தகவல் இல்லை, இருந்தால் பரீட்சையில் தேறவில்லை. அரசியாருக்கும் மன்னருக்கும் நடக்கும் தகராறுகள் எல்லாத் துறை ஜோக்குகளுக்கும் பொது என்பதாலும், கேட்டுக் கேட்டுப் புளித்தவை என்பதாலும் இங்கே விடப்பட்டன.

இம்மரபின் தனித்தன்மை ஓட்டம். வகைமாதிரிக்கு ஒன்று:

"மன்னா, எதிரிப் படை எல்லையை நெருங்கிவிட்டது!"

"நம் படை?"

"அதுவும் எல்லையை நெருங்கிவிட்டது மன்னா... அந்தப் பக்கத்து எல்லையை."

தமிழனின் வீர மரபைக் கேவலப்படுத்தும் வேலை இது என்று சிலர் முறுக்கிக்கொள்ளலாம். அவர்கள் கையில் இருக்கும் சான்று வலுவானது. வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதிய சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பில் பாய்ந்த வேல் முதுகு வழியே வெளியே வந்த ஒரே காரணத்துக்காக, புறப்புண் பட்டேனே என்று நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். ஓடவே இல்லை, இருந்தும் மானம் போயிற்று. இந்த அளவுகோலைப் பத்திரிகை மன்னர்களுக்கு வைத்தால் வடக்குத் திசையில் உட்கார இடம் இருக்காது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் புறமுதுகை ரசிக்கும் பழக்கம் வார இதழ்களோடு வந்தது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. கர்நாடகத்து ஐஹொளேயில் 634ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இரண்டாம் புலிகேசியின் புகழை ரவிகீர்த்தி என்ற புலவர் சமஸ்கிருதத்தில் பாடியது. புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் மறைந்துபோனான் என்கிறது அது. வரலாற்றில் பதிவான முதல் பதுங்கு குழி ஜோக் இதுதான் என்பது என் துணிபு. மதிலுக்குப் பின்னால் போனவர் மகேந்திரவர்மர் என்பது பொதுவான கருத்து. அவர் யார்? 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதியவர். குடிபோதையில் இருக்கும் காபாலிகன் ஒருவன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு, ஒரு புத்த பிக்குவைத் திருடன் என்று பிடித்துக்கொண்டு காஞ்சித் தெருவில் ரகளை செய்வான். கடைசியில் பார்த்தால் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். தானே ஜோக் எழுதி, பிறகு எதிராளியின் ஜோக்கிலும் இடம்பெற்ற மன்னர் வேறு எவரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கதை இதோடு முடியவில்லை. மகேந்திரவர்மரின் மகன் நரசிம்மவர்மர், மணிமங்கலம் முதலிய இடங்களில் புலிகேசியைத் தோற்கடித்து, 642 வாக்கில் வாதாபியையே பிடித்தார். அவருடைய பேரன் வெளியிட்ட கூரம் செப்பேடு அதை எப்படிச் சொல்கிறது தெரியுமா? ஓடும்போது தெரிந்த புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி, அதன்மேல் 'விஜயம்' என்ற சொல்லை எழுதினாராம் நரசிம்மவர்மர். தாம்பரத்துக்குப் பக்கத்தில் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊர் மணிமங்கலம். ஏரிக்கரையோரம் பேரரசன் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறான், இன்னொருவன் எழுத்தாணியோடு பின்னால் ஓடுகிறான். இந்தப் படத்துக்கு ஓவியரிடம் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. செப்பேட்டிலிருந்து நேராக அச்சுக்குப் போகலாம்.

சிம்புதேவனின் இயக்கத்தில் வடிவேலு நடித்து 2006இல் வெளிவந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யை ஆய்வாளர்கள் இந்த வெளிச்சத்தில் காண வேண்டும். இயக்குநர் சினிமாவுக்கு வருமுன் ஆனந்த விகடனில் கார்ட்டூன் வரைந்தவர். ஆகவே மூலச் சான்றுகளோடு நேர்ப் பழக்கம் உடையவர். சாளுக்கியப் புலிகேசி இரண்டாமவர், வடிவேலு இருபத்து மூன்றாமவர். இடைப்பட்ட 20 புலிகேசிகள் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்குக் கல்வெட்டியல் கைவிரித்துவிட்டது. விடை என்னிடம் இருக்கிறது. அந்த 20 பேரும் வார இதழ்களில் ஆண்டுகொண்டிருந்தார்கள்.

ஓட்ட இலக்கியத்தின் சிகரம் கலிங்கத்துப்பரணி. குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமானிடம் தோற்ற கலிங்கப் படைவீரர்கள் தப்பிய விதங்களைச் செயங்கொண்டார் வரிசையாகச் சொல்கிறார். ஒரு கூட்டம் தலைமயிரைப் பறித்துக்கொண்டு, உடுத்த துணியும் இல்லாமல் நின்று, நாங்கள் சமணத் துறவிகள் என்றது. இன்னொரு கூட்டம் வில்லின் நாணை மடித்துப் பூணூலாகப் போட்டுக்கொண்டு, கங்கையில் குளிக்கப் போகிற வழியில் மாட்டிக்கொண்டோம் என்றது. ரத்தத்தில் சிவந்த கொடித்துணியைப் போர்த்திக்கொண்டு தலையை மழித்தவர்கள் புத்த பிக்கு ஆனார்கள். மிச்சம் இருந்தவர்கள் செத்த யானைகளின் மணியைக் கழற்றித் தாளமாகத் தட்டி, நாங்கள் தெலுங்கு நாட்டுப் பாணர்கள், சண்டையைப் பார்த்துத் திகைத்து நிற்கிறோம் என்று கும்பிட்டார்கள். யானை மணியைத் தாளமாக்கிய அந்த ஒருவனுக்கு, எட்டு நூற்றாண்டு கழித்துப் பிறந்திருந்தால், அந்த வாரத்தின் முதல் பரிசு நிச்சயம்.

புலவர் பிரச்சினைக்கு வருவோம். பத்திரிகை அரண்மனையில் புலவர் நிரந்தரக் கடன்காரர்.

"மன்னரைப் பாடிவிட்டுப் புலவர் ஏன் அழுதுகொண்டே போகிறார்?"

"பொற்கிழியை அவிழ்த்துப் பார்த்தாராம். போன தடவை அவர் பாடிய ஓலையைத்தான் சுருட்டி வைத்திருந்தார்களாம்."

இதுவும் புதிதல்ல. புறநானூற்றுப் பெருஞ்சித்திரனார் வறுமையோடு வெளிமானிடம் போகிறார். வெளிமான் படுக்கையில் இருந்ததால் தம்பி இளவெளிமான் எதையோ கொஞ்சம் கொடுத்து அனுப்பப் பார்க்கிறான். புலவர் அதை வாங்கவில்லை. நேரே குமணனிடம் போய் யானையே பரிசாகப் பெற்று, திரும்பி வந்து, இளவெளிமானின் காவல் மரத்தில் அந்த யானையைக் கட்டிவிட்டு, இது நான் உனக்குத் தரும் பரிசு என்று சொல்லிப் போய்விட்டார். இதற்குப் பிறகு இளவெளிமானின் வாசல் காவலர்கள் இரண்டு பேர் என்ன பேசியிருப்பார்கள் என்பதைச் சங்க நூல்கள் தொகுக்காமல் விட்டது பெரிய இழப்பு.

ஆயுதத் துறையில் ஔவையார் முன்னோடி. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன இடத்தில் அவன் தன் ஆயுதச் சாலையைப் பெருமையாகக் காட்டினான். ஔவையார் சொன்னதன் சாரம் இது: உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசி அழகாகக் காவலுக்குள் இருக்கின்றன, எங்கள் ஆளுடையவையோ குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. பாராட்டுப் போல ஆரம்பித்து, வீடு போய்ச் சேர்ந்த பிறகு உறைக்கிற ரகம். பத்திரிகை மன்னரின் வாள் உறையைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் நூற்றுக்கணக்கான ஜோக்குகளுக்கு மூல ஊற்று இங்கேதான். தரம் மட்டும் வழியில் கொஞ்சம் ஆவியாகிவிட்டது.

தகவல் தொடர்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். புறாதான்.

"தூது போன புறா இன்னும் திரும்பவில்லையே அமைச்சரே?"

"பதில் மட்டும் வந்துவிட்டது மன்னா. 'காரம் கொஞ்சம் தூக்கல்' என்று எழுதியிருக்கிறார்கள்."

பிற்கால அடுக்குகளில் செல்போன், மிஸ்டு கால், வாட்ஸ்அப் குரூப் ஆகியவை தென்படுகின்றன. இவை இடைச்செருகல் என்பார் சிலர். செருகியவர் பெயரும் ஊரும் கீழேயே அச்சாகியிருப்பதால் அந்த விவாதம் தேவையில்லை.

மையக் கேள்வி இதுதான்: நாட்டில் மன்னராட்சியே இல்லாதபோது இத்தனை மன்னர்கள் எதற்கு? புதுக்கோட்டை சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு இணைந்தது. முன்னாள் மன்னர்களின் மானியத்தையும் 1971இல் 26ஆவது அரசியல் சட்டத் திருத்தம் எடுத்துவிட்டது. அசல் மன்னர்களுக்கு வேலை போன பிறகும் ஜோக் மன்னர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். சட்டம் அவர்கள் சிம்மாசனத்தைத் தொடவில்லை.

காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, மற்றவர் திருட்டுத் தொழிலின் இரண்டு பிரிவுகளைச் சொல்லி அடையாளம் காட்டுவார். சட்டமன்றத்தின் உரிமை மீறப்பட்டதாகச் சொல்லி, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு 3 மாதச் சிறை விதித்துவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் விட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டு ஜெயித்து, இழப்பீடாக 1,000 ரூபாய் பெற்றார். அதே ஜோக்கில் மந்திரிக்கு ஒரு தலைப்பாகையும், எம்.எல்.ஏ.வுக்கு ஒரு வாளும் வரைந்து, இரண்டு பேரையும் சிற்றரசர்களாக்கியிருந்தால் பேரவையில் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

மன்னருக்குக் கட்சி இல்லை, தொண்டர் இல்லை, சாதிச் சங்கம் இல்லை. உருவபொம்மையை எரிக்க ஆள் வராது. அவமதிப்பு வழக்குப் போட வாரிசு இல்லை. அதிகாரத்தில் இருப்பவனின் பயத்தையும் கஞ்சத்தனத்தையும் முட்டாள்தனத்தையும் பற்றி மறுநாள் பயமில்லாமல் பேச இப்படி ஒரு ஆள் வேண்டியிருந்தது. 15 பைசா கார்டுக்காரர்கள் அவருக்கு முடிசூட்டினார்கள். காஞ்சி மதில் ஜோக்கை எழுதிய ரவிகீர்த்தி எதிரி நாட்டு மன்னரைத்தான் தொட்டார், சம்பளம் கொடுக்கிறவரைத் தொடவில்லை. அந்த விவரம் அவருக்கும் இருந்தது.

விதூஷகர்களின் நிலை இவ்வளவு பத்திரமானது இல்லை. அக்பரைச் சமாளித்த கதைகளால் நமக்கெல்லாம் சிறுவயதிலேயே தெரிந்த பீர்பால், 1586இல் வடமேற்கு மலைக் கணவாயில் யூசுப்சாய் பழங்குடியினரோடு நடந்த சண்டையில் படையோடு மாண்டார். பத்திரிகை மன்னர்கள் தங்கள் போர்த்தந்திரத்தை ஒருபோதும் மாற்றிக்கொள்ளாததற்கு இந்தச் செய்தி அரண்மனைக்கு எட்டியது காரணமாக இருக்கலாம்.

மேலாய்வுக்குரிய பகுதி ஒன்று மீதம் இருக்கிறது: அரண்மனை வைத்தியர். மன்னருக்கு நாடி பார்ப்பதால் இவரை மன்னர் ஜோக் துறையில் சேர்க்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. நோயாளி பிழைப்பதில்லை என்பதால் டாக்டர் ஜோக் துறைக்கே உரியவர் என்பது மறுதரப்பு. இரு துறைத் தலைவர்களும் இப்போது ஒருவரை ஒருவர் கண்டால் பேசிக்கொள்வதில்லை. இடையில் ஓலை கொண்டுபோக ஒரு புறாவை அமர்த்தினார்கள். அதற்குப் பதில்கூட வரவில்லை.