டாஸ் கணினியில் நெட்வொர்க் கார்டு கரையேறுவது குரங்கு நியாயத்தாலா, பூனை நியாயத்தாலா?

ஸ்ரீபெரும்புதூர், 1017-இல் ராமானுஜர் அவதரித்த ஊர். அவருக்குப் பின்வந்த ஆசாரியர்கள், வீடுபேற்றுக்கு ஜீவனின் முயற்சி வேண்டுமா என்று தலைமுறை தலைமுறையாக வாதிட்டார்கள். குரங்குக்குட்டி தானே தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றது வடகலை. பூனைக்குட்டியைத் தாயே வாயில் கவ்விப் போகும் என்றது தென்கலை. அதே ஊரை ஒட்டி, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் செய்யத் தொடங்கியது. பிறகு ஒரகடம் வரை ஆலைகளும் உதிரிபாகப் பட்டறைகளும் பெருகின. பட்டறை மூலையில் பழைய சிஎன்சி இயந்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த டாஸ் கணினி இருக்குமானால், அதன் நெட்வொர்க் கார்டு கரையேறுவது எந்த நியாயப்படி? குரங்கு நியாயப்படியே என்பது நம் துணிபு.

முதற்சான்று நாவெலின் என்இ2000 கார்டு. பெட்டியைப் பிரிக்கும்போதே அது ஐஆர்க்யூ எனும் குறுக்கீட்டு எண் 3, முகவரி 300 என்ற அமைப்பில்தான் இருக்கும். 3-ஆம் எண்ணோ காம்2 போர்ட்டின் பெயரில் ஏற்கெனவே பட்டாவான இடம். இயந்திரத்துக்குப் போகும் சீரியல் கேபிள் அங்கே செருகியிருந்தால் தகராறுதான்; டாஸ் பஞ்சாயத்துக்கு வராது. மூடியைக் கழற்றி, கடுகளவு ஜம்பரைப் பிடுங்கி 5-க்கு மாற்ற வேண்டும், ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் பாக்கெட் டிரைவருக்கும் அதே எண்ணை எழுத வேண்டும். கார்டில் 5, கோப்பில் 3 என்று விட்டுவிட்டால் டிரைவர் முணுமுணுக்காமல் ஏறிக்கொள்ளும், கார்டின் ஈதர்நெட் முகவரியைக்கூடத் திரையில் காட்டும். ஒரு பாக்கெட்டும் உள்ளே வராது. பிடி நழுவியதைக் குட்டிக்கே தெரிவிக்காத கொடுமை இது.

பூனைக் கட்சியார் ஆர்டிஎல்8139 போன்ற பிசிஐ கார்டை நீட்டுவார்கள். ஜம்பர் கிடையாது, பயாஸே ஐஆர்க்யூவை ஒதுக்கிவிடும். உண்மைதான், ஆனால் அந்தக் கவ்வல் வாசற்படியோடு சரி. 640 கேபி நினைவகத்தில் டிரைவருக்கு இடம் பிடித்துத் தருவது யார்? மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் கிளையண்ட் 3.0-ஐ ஏற்றினால் இணைப்பு கிடைத்த கையோடு, நினைவகம் போதவில்லை என்று இயந்திரத்தின் நிரல் படுத்துக்கொள்ளக்கூடும். பிறகு ஹைமெம்.சிஸ், ஈஎம்எம்386, லோட்ஹை என்று ஒவ்வொன்றாக மேலே ஏற்றிப் பார்ப்பது குரங்கு வேலையன்றி வேறென்ன? போதாக்குறைக்கு, 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு முதல், கோப்புப் பகிர்வுக்கு அந்தக் கிளையண்ட் நம்பியிருக்கும் எஸ்எம்பி1 சர்வர் தானாக நிறுவப்படுவதில்லை. டாஸுக்குத் தெரிந்த பாஷையைத் தாய்ப்பூனை மறந்துவிட்டது.

பென்டிரைவ் ஏற்கும் ஃப்ளாப்பி எமுலேட்டர் இருக்க இந்தப் பாடு எதற்கு என்பார்கள் சிலர். நடைமுறைக்கு நல்ல யோசனை. கார்டின் கதிமோட்சத்துக்கு விடை அதுவல்ல. விடை, டாஸுக்கான எம்டிசிபி என்ற நெட்வொர்க் நிரல் தொகுப்பில் இருக்கிறது. அதிலுள்ள எஃப்டிபி சர்வரை டாஸ் கணினியிலேயே ஓட்டினால், அலுவலக விண்டோஸ் கணினி தானே தேடி வந்து கோப்பை வைத்துவிட்டுப் போகும். குட்டியே தாயாகிவிடும் இந்த மூன்றாம் நியாயத்தை இரு கலையாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் டாஸ் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்வரை இயந்திரத்தின் நிரல் ஓடாது. எனவே, சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டும் ஷிப்ட் மாற்ற வேளையே கோப்பு அனுப்ப உகந்த முகூர்த்தம்.