ஷோரூம் மாப்பிள்ளையும் பழசு மாமாவும்

இருவருக்கும் சொந்த ஊர் மீமிசல். மூத்தவருக்கு ஊரார் வைத்த பெயர் பழசு மாமா. ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்த்து ஓய்ந்தவர். அவர் வீட்டில் புதிதாக வந்த பொருள் எது என்று தேடினால் சுவர்க் காலண்டர் ஒன்றுதான் தேறும்; அதுவும் ஓசி. இளையவர் ஷோரூம் மாப்பிள்ளை. சார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக், இப்போது லீவில் வந்திருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய டி.வி.யின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்காதவர். கிழக்குக் கடற்கரைச் சாலையோர டீக்கடை பெஞ்சில், தப்பிக்க வழியில்லாமல், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்படி ஆகிவிட்டது.

மாப்பிள்ளை: நாளைக்கு அறந்தாங்கி போறேன் மாமா, பைக் புக் பண்ண. 2025 செப்டம்பர் 22-லேருந்து 350 சிசி வரைக்கும் ஜி.எஸ்.டி. 28-லேருந்து 18 ஆயிருச்சுல்ல! கவர்மென்டே புதுசு வாங்குடான்னு கையைப் பிடிச்சு இழுக்குது.

மாமா: ஒரு கையால இழுக்கும், இன்னொரு கையால பாக்கெட்டைத் துழாவும். லட்சத்துக்கு மேல போற வண்டிக்கு ஆயுள் வரி 12 சதவீதம் யாரு கட்டுவா? அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து மூணாம் நபர் இன்சூரன்ஸ் எடுக்கணும், 2018 செப்டம்பர்லேருந்து அதான் சட்டம். பழைய வண்டின்னா எல்லாத்தையும் மொத ஆளு கட்டிட்டுப் போயிருப்பான். நான் இன்னிக்கு வரைக்கும் ஆயுள் வரி கட்டினதே இல்ல மாப்ள.

மாப்பிள்ளை: அடுத்தவன் ஓட்டின வண்டியில எப்படி மாமா மனசு வந்து உக்காருறது? எத்தனை தடவை விழுந்தானோ!

மாமா: விழ வேண்டியதெல்லாம் விழுந்து முடிச்ச வண்டிதான் நம்ம கைக்கு வருது. உன்னுது இனிமேதான் விழணும்.

மாப்பிள்ளை: பேச்சுக்கு நல்லாயிருக்கு. புதுசுக்குன்னு ஒரு மதிப்பு இருக்குல்ல?

மாமா: அந்த மதிப்பு எவ்வளவு நாளைக்குன்னு இன்சூரன்ஸ்காரன் அட்டவணை போட்டே வச்சிருக்கான். ஆறு மாசத்துல 5 சதவீதம் போச்சு. ஒரு வருஷம்னா 15. ரெண்டு வருஷத்துக்குள்ள 20, மூணுக்குள்ள 30, நாலுக்குள்ள 40, அஞ்சு வருஷம் முடியிறப்ப பாதி. நீ மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வீட்டுக்குக் கொண்டு வர்றதுக்குள்ள அது பழைய வண்டி. ஊருக்குள்ள உனக்கும் எனக்கும் வித்தியாசம் என்னன்னா, நான் பழசுன்னு தெரிஞ்சு வாங்குறேன்.

மாப்பிள்ளை: சரி, பளபளப்பு? அதை எங்க போய் வாங்குவீங்க?

மாமா: பளபளப்பா? மீமிசல்லயா?

இந்த இடத்தில் மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். இன்ஜின் வேலைக்காரருக்குத் துருவைப் பற்றிப் பேசச் சொன்னால் கைகள் இரண்டும் வேண்டும்.

மாமா: உப்புக்காத்துக்குப் புதுசு, பழசு எல்லாம் தெரியாது மாப்ள. ராத்திரி வாசல்ல நிறுத்தின வண்டியைக் காலையில தொட்டுப் பாரு, பிசுபிசுங்கும். மொதல்ல செயின். அப்புறம் சைலன்ஸர். ரிம்முல கண்ணுக்குத் தெரியாத புள்ளியா ஆரம்பிச்சு ஆரஞ்சா பூக்கும். கடைசியா சேஸ்ல, யாரும் குனிஞ்சு பார்க்காத இடத்துல. மேட்டு ஊர்ல அஞ்சு வருஷம் ஓடின வண்டியும் நம்ம தெருவுல ஒண்ணரை வருஷம் நின்ன வண்டியும் அடியில பார்த்தா ஒண்ணு மாதிரிதான் இருக்கும். அதனாலதான் நான் மீமிசல், முத்துக்குடா, கோட்டைப்பட்டினம் பக்கம் வண்டியே எடுக்குறதில்ல. புரோக்கர்கிட்ட கீரனூர், இலுப்பூர் பக்கத்து வண்டியா கேட்டு எடுக்குறது. சீட்டைத் தூக்கு, விரல் நகத்தால சேஸைச் சுரண்டு. துரு இருந்தாக்கூட நம்பலாம். புது பெயின்ட் இருந்தா பயப்படணும்.

மாப்பிள்ளை: உங்க வண்டியே முழுசா ஊதா நிறத்துல பெயின்ட் அடிச்சு நிக்குதே மாமா?

மாமா: அது போட்டுக்கு அடிச்சதுல மிச்சம். வீணாப் போக வேணாம்னு அடிச்சேன். அது வேற.

போட்டு என்றதும் மாமாவுக்குச் சுருதி ஏறிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், ஜெகதாப்பட்டினம் கரையில் படகுகளை ஏற்றிப் பலகை மாற்றி, இன்ஜின் இறக்கி, வர்ணம் பூசுவார்களே, அந்தப் படகுகளில் பாதி மூன்றாவது நான்காவது கையில் ஓடுகிறவை என்று ஒரு பிரசங்கமே செய்தார். பாதி என்பது மாமாவின் கணக்கு, நாம் எண்ணவில்லை.

மாப்பிள்ளை: கடல்ல போறது சரி. வீட்டுக்குள்ள? 3,000 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ் தூக்கிட்டு வந்தீங்களே, ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவச கரன்ட்டும் அதுக்கே பத்தலன்னு அத்தை புலம்புறாங்க. மூணு மிக்சி வச்சிருக்கீங்க, ஒண்ணாவது ஓடுதா?

மாமா: ஒண்ணுக்கு ஒண்ணு ஸ்பேர் பார்ட்ஸ். நாலாவது ஒண்ணு கிடைச்சா ஓடிரும்.

மாப்பிள்ளை: ஹெல்மெட்டும் பழசு! யாரு தலையில இருந்து விழுந்து உள்ளுக்குள்ள விரிசல் விட்டதோ? டயரும் பழசு. டயர் ஓரத்துல நாலு நம்பர் போட்டிருக்கும், பார்த்தீங்களா? 3216-ன்னா 2016-ல 32-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன் தேயாம இருந்தாலும் ரப்பர் கிழடுதான்.

மாமா பதில் பேசவில்லை. ஹெல்மெட்டை மட்டும் பெஞ்சுக்கடியில் தள்ளினார். இந்த ஒரு விஷயத்தில் மாப்பிள்ளை சொல்வது முழுக்கச் சரி. தலைக்குப் போடுவதையும் தரையைத் தொடுவதையும் புதிதாகவே வாங்க வேண்டும்.

மாமா: ஒண்ணு கேக்குறேன். சார்ஜாவில நீ படுக்குற கட்டில் புதுசா?

மாப்பிள்ளை: அது... எனக்கு முன்னாடி அந்த ரூம்ல இருந்தவர் விசா முடிஞ்சு போறப்ப கொடுத்துட்டுப் போனது.

மாமா: மெத்தை?

மாப்பிள்ளை: அதுவும்தான்.

மாமா: பழைய கார் பார்ட்ஸுக்குன்னே தெருத் தெருவா கடை இருக்குற ஊர்ல உக்காந்துக்கிட்டு, அடுத்தவன் மெத்தையில தூங்கிக்கிட்டு, இங்க வந்து சீட்டு புதுசா இருக்கணுங்குற. கல்யாணத்துக்கு நகை எடுத்தியே, அதுல யாரு யாரு தாலி உருகிக் கிடக்குதுன்னு கேட்டியா? தங்கத்தை மட்டும் ஏன் செகண்ட் ஹேண்டுன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறீங்க? மனை வாங்குனா மூலப்பத்திரம் எத்தனை கை மாறியிருக்குன்னு பெருமையாப் புரட்டிப் பார்க்குறீங்க!

மாப்பிள்ளை: போன மாசம் ஒரு செல்லு வாங்கினீங்களே, திருட்டு செல்லா இருந்தா?

மாமா: ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சு வர்ற 15 நம்பரை, KYM-னு போட்டு 14422-க்கு அனுப்புனா, அது முடக்கின செல்லா இல்லையான்னு அரசாங்கமே சொல்லிரும். அதைப் பார்த்துட்டுத்தான் காசு கொடுத்தேன். நானா ஏமாறுவேன்?

மாப்பிள்ளை: செல்லுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. என் ஊரு நம்பருக்கு ஒரு மோசடிக் கும்பல் மெசேஜா அனுப்பித் தள்ளுது மாமா. நான் சார்ஜாவில இருக்குறப்ப, அறந்தாங்கியில ஹெல்மெட் போடாம போனேனாம், 1,000 ரூபாய் அபராதமாம். இப்படி மூணு வந்துருச்சு. எதையும் தொடலையே நான். அழிச்சுட்டேன்.

மாமா: புத்திசாலி. லிங்க்கைத் தொட்டா அக்கவுன்ட் காலி.

மாப்பிள்ளை: அது கிடக்கட்டும், செல்லுக்கு இவ்வளவு பார்க்குற ஆளு, வண்டிக்கு ஆர்.சி. உங்க பேர்ல மாத்திட்டீங்களா?

மாமா: படிவம் 29, படிவம் 30 ரெண்டுலயும் மொத ஆளு கையெழுத்து இருக்கு, சீட்டுக்கடியில பத்திரமா. எப்ப வேணா மாத்திக்கலாம். நாலு வருஷமா பத்திரமாத்தான் இருக்கு.

மாப்பிள்ளை எழுந்துபோய்ச் சீட்டைத் தூக்கி, லேமினேட் செய்த ஆர்.சி. நகலை எடுத்தார். படித்தார். மறுபடி படித்தார். 2011-ல் பதிவான வண்டி. தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய அப்பாவின் பெயர். அதற்கு மேலே அவர் பெயர். சார்ஜா கிளம்பிய அவசரத்தில், கையெழுத்தை மட்டும் போட்டுப் புரோக்கரிடம் தள்ளிவிட்ட கறுப்பு வண்டி, கீரனூர்ப் பக்கம் போய் எத்தனையோ கை மாறி, ஊதா நிறத்தில் மீமிசலுக்கே திரும்பியிருக்கிறது.

மாப்பிள்ளை: மாமா, அந்த மூணு மெசேஜும் மோசடி இல்ல.

மாமா: என்ன சொல்ற?

மாப்பிள்ளை: ஹெல்மெட் போடாம போனது நீங்க!

பழசையே தொடாத மாப்பிள்ளைதான் சட்டப்படி அந்த ஊதா வண்டியின் சொந்தக்காரர். ஊரையே கூட்டிப் பழசின் பெருமை பேசிய மாமாவுக்கு அதில் ஒரு திருகாணி கூடச் சொந்தமில்லை. சிரிப்பாக இருக்கிறது அல்லவா? 2009-ல் நடந்த ஒரு கார் விபத்து வழக்கில், கார் அதற்குள் கை மேல் கை மாறிவிட்டிருந்தும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. காரை விற்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்தான் அந்தப் பெயர்க்காரர்.

மாமா: இப்ப என்ன மாப்ள, 2026-ல பதினஞ்சு வருஷம் வேற முடியுது. எஃப்.சி. காட்டணும். சொந்தக்காரன் நீதானே, நீயே காட்டிரு.

மாப்பிள்ளை: சொந்தக்காரன் நானுன்னா சாவியைக் கொடுங்க.

மாமா: சாவி எதுக்கு? ஸ்க்ரூடிரைவர் இருந்தா போதும்.

மறுநாள் இருவரும் அறந்தாங்கிக்கு பஸ்ஸில்தான் போனார்கள். இன்சூரன்ஸும் காலாவதியாகியிருந்ததால் வண்டியை எடுக்க மாப்பிள்ளை சம்மதிக்கவில்லை.

பழைய வண்டியை விற்றவர்கள், விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர்கள் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் எப்போதோ ஒரு வண்டியை விற்றவர் இருந்தால், எம்பரிவாகன் செயலியில் அந்த எண்ணை இன்றைக்கே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.