எட்டாவது கட்டம்

ரேடியோவைத் தொடும் முன்பே எனக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது கோடு போடுவது. 1983, மதுரை. தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த என் குருநாதர், மேலமாசி வீதியில் வாங்கி வந்த சிவப்புத் துணி அட்டைப் பேரேட்டை என் முன்னால் விரித்து, ஓர் அடிஸ்கேலையும் கையில் கொடுத்தார். பக்கத்துக்கு எட்டுக் கட்டம். தேதி, நேரம், அலைவரிசை, எதிர்முனை நிலையத்தின் கால் சைன் என்னும் அழைப்புக் குறி, சிக்னல் ரிப்போர்ட், பெயர், ஊர், குறிப்பு.

“லாக் புக் எழுதணும்கிறது லைசென்ஸ் விதி, தம்பி. ஏழு கட்டம் சர்க்காருக்கு. எட்டாவது நமக்கு” என்றார்.

ஹாம் என்னும் பொழுதுபோக்கு வானொலிக்காரர் ஆவது அன்று பொறுமைக்கு வைத்த பரீட்சை. இரண்டாம் கிரேடுக்கு நிமிடத்துக்கு 5 சொல், முதல் கிரேடுக்கு 12 சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். தேர்வு எழுதி, டெல்லியிலிருந்து உரிமம் வரும்வரை தபால்காரரின் மணியோசைக்குக் காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். கடையில் செட் வாங்க எங்களைப் போன்றவர்களிடம் பணம் கிடையாது. 1985-இல் தீக்கிரையாவதற்கு முன் சென்னை மூர் மார்க்கெட்டில் ராணுவம் கழித்துப்போட்ட உதிரிகள் கிடைக்கும். அங்கே வாங்கிய 807 வால்வும், பழைய வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சரும், குருநாதர் சுற்றிக்கொடுத்த காயில்களுமாகத்தான் என் முதல் டிரான்ஸ்மிட்டர் உருவானது.

அந்த செட்டில், 7 மெகாஹெர்ட்ஸில், விடியற்காலையில் ஒரு பெயர் என் காதுக்கு வந்து சேர்வது லேசான காரியமில்லை. குரல் ஏறும், இறங்கும், இரைச்சலில் முங்கும். எதிர்முனையில் இருப்பவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வார்: மைக், யூனிஃபார்ம், ரோமியோ, யூனிஃபார்ம், கோல்ஃப், ஆல்ஃபா, நவம்பர். நடுவில் இரண்டு எழுத்து கரைந்துபோனால் மறுபடி கேட்பேன். அவர் சலிக்காமல் மறுபடி சொல்வார். ஏழு எழுத்தும் கரைசேர்ந்த பிறகு முருகன் என்று எழுதி, அதைத் திருப்பிச் சொல்லி, அவர் ஆமாம் என்றதும்தான் ஆறாவது கட்டம் நிறையும். பெயர் கைக்கு வருவதற்குள் அவருடைய இருமல், அவர் வீட்டுக் குக்கர் சத்தம், பேச்சில் அவர் இழுக்கிற இழுப்பு எல்லாம் பழகிப்போயிருக்கும். ஆளைத் தெரிந்துகொண்ட பிறகு பெயரைத் தெரிந்துகொண்ட காலம் அது.

அச்சிட்ட பட்டியலும் அன்று உண்டு. அமெரிக்காவிலிருந்து வரும் ‘கால்புக்’, தொலைபேசி டைரக்டரி போலக் கனமானது. குருநாதரிடம் இருந்தது நான்கு வருஷம் பழசு. கால் சைனைத் தேடினால் முகவரி கிடைக்கும். பேசியதற்குச் சாட்சியாக கியூ.எஸ்.எல். அட்டை அனுப்ப அது வேண்டும். ஆனால் அந்தப் புத்தகத்தை அவர் கடைசியாகத்தான் திறப்பார். “முதல்ல அவர்கிட்டயே கேளு. சொல்றதுக்கு மனுஷன் இருக்கும்போது புத்தகம் எதுக்கு?” என்பார். 1997-க்குப் பிறகு அந்தப் புத்தகம் அச்சில் வரவில்லை.

அவருடைய எட்டாவது கட்டம் ஒரு தனி உலகம். மற்ற ஏழும் நீல மசி, எட்டாவது மட்டும் பென்சில். “மகளுக்குத் தை மாசம் கல்யாணம்.” “தென்னை மரத்தில் கட்டிய ஆண்டெனா.” “வலது காது கேட்காது, மெதுவாகப் பேசு.” ஆறு மாதம் கழித்து அதே மனிதர் அலைவரிசையில் வந்தால், குருநாதர் பேரேட்டைப் புரட்டி, “கல்யாணம் நல்லபடியா நடந்ததா?” என்றுதான் பேச்சைத் தொடங்குவார். முகம் பார்த்திராத ஒருவர் தன் வீட்டுக் கல்யாணத்தை நினைவு வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் எதிர்முனைக் குரல் நெகிழ்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

ஒரு பெயரைச் சரியாக எழுதுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எனக்கு முழுதாக விளங்கியது. ஹைதராபாதின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம் அனுப்பிய குழு ஒன்று பாரதி பிரசாத் தலைமையில் அப்போது போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து ஹாம் நிலையம் ஒலிப்பது அபூர்வம் என்பதால் உலகம் முழுவதும் ஹாம்கள் அந்தக் குழுவோடு பேசக் காத்துக்கிடந்தார்கள். பேரலை அடித்ததும் குழுவினர் அந்த விளையாட்டை நிறுத்திவிட்டு, தொலைபேசி அறுந்துபோன தீவுக்கும் நாட்டின் பிற பகுதிகளுக்கும் நடுவே செய்தி கடத்தும் வேலையில் இறங்கினார்கள். நான் மதுரையில் ரிசீவர் முன்னால் உட்கார்ந்து கேட்டேன். ஒரு பெயரில் ஓர் எழுத்து தப்பினால் ஒரு வீட்டுக்குப் போக வேண்டிய ஆறுதல் இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். அந்த நாட்களில் எழுத்தெழுத்தாகப் பெயர் சொல்லும் பழைய வழக்கத்தின் அருமை எனக்குப் புரிந்தது.

2019-இல் கையடக்க டிஜிட்டல் செட் ஒன்று வாங்கினேன். எனிடோன் 878. உள்ளங்கைக்குள் அடங்கும். டி.எம்.ஆர். என்னும் முறையில் வேலை செய்வது. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் 2005-இல் வகுத்த இந்த முறை, 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவரிசையை நேரத்தால் இரண்டாகப் பகுத்து, இரண்டு பேச்சுகளை மாறி மாறி அனுப்புகிறது. பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் குரலோடு சேர்ந்து பேசுபவரின் அடையாள எண்ணும் போகிறது. அதற்கு 24 பிட் இடம். ஏழு இலக்க எண்கள் அத்தனையும் அதில் அடங்கும். முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும். 404 என்றால் இந்தியா, 413 இலங்கை, 502 மலேசியா, 525 சிங்கப்பூர். செல்போன் உலகம் நாடுகளுக்கு வைத்த அதே குறியெண்கள்தான்.

எண்ணுக்குரிய பெயரைக் காட்டும் பொறுப்பு செட்டில் நாம் ஏற்றி வைக்கும் பட்டியலுடையது. பட்டியல் இல்லையென்றால் திரையில் வெறும் ஏழு இலக்கம்தான் நிற்கும். சில ஆண்டுகளுக்கு முன் பலர் வைத்திருந்த எம்.டி.-380 செட்டில் ஆயிரம் பேருக்குத்தான் இடம். எந்த ஆயிரம் பேர் என்று உட்கார்ந்து பொறுக்க வேண்டும். என் செட்டில் 2 லட்சம் பேருக்கு இடம் இருந்தது. உலகில் பதிவு செய்த அத்தனை பேரும் அடங்கிய கோப்பு இணையத்தில் கிடைத்தது. பேரேட்டில் ஐந்து வருஷம் பாடுபட்டு நான் சேர்த்தது முன்னூற்றுச் சொச்சம் பெயர். இங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் கணினியில் வந்து இறங்கின.

வந்து இறங்கியதை அப்படியே செட்டுக்குள் தள்ள முடியாது. கோப்பில் ஏழு கட்டம்: எண், கால் சைன், முதல் பெயர், கடைசிப் பெயர், ஊர், மாநிலம், நாடு. என் செட்டின் மென்பொருள் கேட்பதோ பத்துக் கட்டம்: வரிசை எண், அடையாள எண், கால் சைன், பெயர், ஊர், மாநிலம், நாடு, குறிப்பு, அழைப்பு வகை, ஒலி எச்சரிக்கை. தலைப்பு வரி அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் ஒட்டி ஒரே பெயராக்க வேண்டும். அழைப்பு வகையில் எல்லோருக்கும் ‘தனி அழைப்பு’ என்று நிரப்ப வேண்டும். பலர் சேர்ந்து பேசும் பேச்சுக்குழுக்களின் பட்டியல் வேறு, அதை இதோடு கலக்கக் கூடாது.

இந்த சி.எஸ்.வி. கோப்பில் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் ஒரு காற்புள்ளிதான். ஊர்க் கட்டத்தில் ஒருவர் “ஆர்.எஸ்.புரம், கோயம்புத்தூர்” என்று எழுதி, அதை மேற்கோள் குறிக்குள் வைக்காமல் விட்டால், அந்தக் காற்புள்ளியும் சுவராகிவிடுகிறது. கோயம்புத்தூர் மாநிலமாகி, தமிழ்நாடு நாடாகி, அந்த வரி முழுக்க வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். திருவனந்தபுரத்துக்கு ஆங்கிலத்தில் 18 எழுத்து. செட்டின் ஊர்க் கட்டத்தில் அதன் வால் நின்றுபோகும். ஸ்பானியப் பெயர்களின் மேல் இருக்கும் சிறு கோடுகளை, கோப்பைச் சேமிக்கும் விதம் தவறினால், கேள்விக்குறிகள் தின்றுவிடும்.

நம்மவர் பெயர்களுக்கு வேறு சங்கடம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற கட்டங்கள் குடும்பப்பெயர் உள்ளவர்களுக்காக வகுத்தவை. நமக்கு இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும். இனிஷியலை முதல் கட்டத்தில் போட்டுவிட்டு, பெயரை இரண்டாவதில் போட்டவர்கள் பலர். முதல் கட்டத்தை மட்டும் எடுத்துச் சுருக்கிய பட்டியலில் அவர்கள் வெறும் ‘கே’ என்றும் ‘எஸ்’ என்றும் நிற்பார்கள். பெயர் வைக்க ஒரு வீடே கூடியிருக்கும். அது ஓர் எழுத்தாக நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. தமிழ்நாட்டு வரிகளை மட்டும் தனியே பிரித்து, ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்தினேன்.

அந்தத் திருத்த வேலையில்தான் என் கை தவறியது. பெயர்க் கட்டத்தில் ஒன்று காலியாக இருந்தது. அதை நீக்கினேன். அந்த ஒரு கட்டம் போனதும் அதற்குக் கீழே இருந்த பெயர்கள் எல்லாம் ஒரு வரி மேலே ஏறிக்கொண்டன. எண்ணும் கால் சைனும் அசையவில்லை. பெயர் மட்டும் அடுத்தவருடையதாகிவிட்டது. நான் கவனிக்கவில்லை. கேபிளைச் செருகி முழுப் பட்டியலையும் செட்டுக்குள் எழுதிவிட்டேன்.

அன்று மாலை, இந்தியாவுக்கான 404 பேச்சுக்குழுவில் ஒரு குரல். திரையில் பெயரும் கோவை என்ற ஊரும் ஒளிர்ந்தன. அவர் வாய் திறந்து சொல்லும் முன்பே அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தேன். சற்று நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை.

“அது நானில்லைங்க சார்” என்றார். “அவரு எங்கூருதானுங்க. ரெண்டு பேரும் ஒரே நாள்ல நம்பர் வாங்கினோம். போன ஆடியில சைலண்ட் கீ ஆயிட்டாருங்க.”

இறந்துபோன ஹாம்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மோர்ஸ் சாவி அமைதியாகிவிட்டது என்று. அடுத்தடுத்த எண்கள் அடுத்தடுத்துப் பதிந்தவர்களுடையவை. அதனால்தான் நண்பனின் பெயர் நண்பனின் குரல்மேல் வந்து உட்கார்ந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “பரவாயில்லைங்க. அவரு பேரை ரேடியோவுல கேட்டு ஒரு வருசமாச்சு” என்றார். பிறகு அந்த நண்பரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மொட்டை மாடியில் ஆண்டெனாக் கம்பம் நட்டுக்கொடுத்தது அவர்தானாம். சிமென்ட் காய்கிறவரை இரண்டு நாள் வந்து தண்ணீர் விட்டுவிட்டுப் போனாராம். அரை மணி நேரம் பேசினோம்.

பேசி முடித்ததும் செட்டைக் கீழே வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தேன். பத்துக் கட்டங்களை முதன்முறையாக எண்ணிப் பார்த்தேன். குறிப்பு என்பது எட்டாவது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகளிலும் அது காலி.

என் வேலை முறை அன்றோடு மாறியது. இறக்கிய கோப்பில் இப்போது நான் கை வைப்பதில்லை. அதன் நகலில்தான் திருத்துகிறேன். தனிக் கட்டத்தை நீக்குவதே இல்லை. நீக்கினால் முழு வரி. செட்டில் எழுதும் முன் எனக்குத் தெரிந்த பத்துப் பேரின் வரிகளைத் தேடி எடுத்து, எண்ணும் பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறேன். குறிப்புகளுக்குத் தனியாக ஒரு சிறு கோப்பு. மாதம் ஒரு முறை புதுப் பட்டியலை இறக்கும்போது, அடையாள எண்ணைச் சாவியாக வைத்து, அந்தக் குறிப்புகளைப் புதுப் பட்டியலின் எட்டாவது கட்டத்தில் சேர்க்கிறேன். அப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொரு புதுப்பித்தலும் பழைய குறிப்புகளைத் துடைத்துவிடும். சிறு கோப்பில் இதுவரை இருநூறு வரிகூட ஆகவில்லை. மனிதர்களிடம் பேசினால்தான் அது வளரும். எங்கிருந்தும் இறக்க முடியாது.

குருநாதர் 2011-இல் காலமானார். டி.எம்.ஆர். எண் அவர் வாங்கியதில்லை. இந்தப் பெரிய பட்டியலில் அவருக்கு வரி கிடையாது. ஆனால் அதன் எட்டாவது கட்டத்தில் நான் எழுதுவதெல்லாம் அவர் பென்சிலில் எழுதியதன் தொடர்ச்சிதான். கருவி பெயரை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது, அது நல்லதே. அந்தப் பெயருக்குரிய மனிதரைக் கேட்டு எழுதுகிற கடமை நம்மிடமே இருக்கிறது.

கோவைக்காரரின் குறிப்புக்கு வெகுநேரம் யோசித்தேன். என் செட்டின் திரைக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கில எழுத்தில் ‘நண்பன் கம்பம்’ என்று எழுதிப் பார்த்தேன். இடைவெளி சேர்த்து 13 எழுத்து. கட்டத்துக்குள் அடங்கியது.

போன வாரம் அவர் குரல் மறுபடி கேட்டது. அவருடைய வரியைத் திறந்து பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்தினேன்.

“மழைக்காலம் வருதே, மாடியில கம்பம் திடமா நிக்குதுங்களா?”

“நிக்குதுங்க சார்” என்றார். “நேத்துத்தான் துருப்பிடிச்ச போல்ட்டை மாத்தினேன்.”