ஒற்றைக்குழல்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மரக்காணம் உப்பளத்தில் யாருக்கும் வேலை இருக்காது. தையில் பாத்தி மிதித்து, வெயில் ஏற ஏற உப்பு பூத்து, ஆவணி வரை வாரிக் குவித்த அம்பாரங்களைப் பனையோலை போட்டு மூடிவிட்டு, பாத்திகளை மழைக்கு ஒப்படைத்துவிட்டு ஊரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்த மூன்று மாதத்தில்தான் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுக்கு வேலை தொடங்கும். நடுக்கூடத்துச் சுவரில் இரண்டு ஆணிகளுக்கு மேல் படுத்திருந்த தாத்தாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி அது.

உங்கள் ஊரிலும் ‘துப்பாக்கிக்காரர் வீடு’ என்று ஒன்று இருந்திருக்கும். கர்ணம் வீடு, வைத்தியர் வீடு என்பதைப்போல அதுவும் வழி சொல்ல உதவிய ஓர் அடையாளம். அந்த வீட்டில் இருந்தது அநேகமாக ஒரே துப்பாக்கியாகத்தான் இருக்கும். இரண்டாவது ஒன்று வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்காது, ஊருக்கும் தோன்றியிருக்காது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஓர் இடம் உண்டு: பயிரைக் காக்க, குழலின் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவருக்கு லைசென்ஸ் தரலாம் என்கிறது அது. தாத்தா உப்பளத்துக்காரர்தான் என்றாலும், ஊருக்கு மேற்கே கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லையும் வைத்திருந்தார். காய் பிடிக்கிற நேரத்தில் பன்றி புகுந்தால் ஒரு ராத்திரியில் ஒரு செறுவையே உழுதுபோட்டுவிடும். லைசென்ஸ் புத்தகத்தில் ‘பயிர்க் காவல்’ என்று எழுதியிருந்தது அதற்காகத்தான்.

துப்பாக்கி வைத்திருப்பது லேசான காரியமில்லை. உப்புக் காற்றில் ஆணி துருப்பிடிக்கும், பூட்டு துருப்பிடிக்கும், தகரப் பெட்டி ஒரே மழைக்காலத்தில் சல்லடையாகும். இரும்புக் குழலை இரண்டு தலைமுறைக்குக் காப்பாற்ற வேண்டுமானால் அதைத் தினமும் நினைக்க வேண்டும். கரிமருந்து வெடித்த பிறகு குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும் கசடு ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. சுட்ட அன்றே கழுவாவிட்டால் விடிவதற்குள் துரு தட்டிவிடும். அதனால் தாத்தா எத்தனை மணிக்கு வந்தாலும் ஆயா எழுந்து அடுப்பு மூட்டி வெந்நீர் வைப்பாள். துப்பாக்கிக் கட்டையிலிருந்து குழலைக் கழற்றி, கிணற்றடியில் நிமிர்த்திப் பிடித்து, புனல் வைத்து வெந்நீரை ஊற்றுவார் தாத்தா. முதல் தண்ணீர் மையாகக் கறுத்து, அழுகிய முட்டை வாடையோடு வெளியே வரும், இரண்டாவது சாம்பல் நிறத்தில், மூன்றாவது தெளிந்துவிடும். கம்பி நுனியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி மேலும் கீழுமாக இழுத்து, அந்தச் சூட்டிலேயே குழல் உலர்ந்த பிறகு எண்ணெய் தடவுவார். விளக்கு பிடிப்பது என் வேலை. குழலின் ஒரு முனையில் கண்ணை வைத்தால் மறுமுனையில் விளக்கு வட்டமாகத் தெரியும். உள்சுவர் வழவழவென்று மின்ன வேண்டும். மின்னினால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

கொல்லையில் பன்றிக்காக விழித்திருந்த ராத்திரிகளைவிட, கார்த்திகையில் துப்பாக்கி கழுவேலிக்குப் போன விடியல்கள்தான் என் நினைவில் இருக்கின்றன. மழைத்தண்ணீரும் கழிமுகம் வழியே ஏறிவரும் கடல்தண்ணீரும் கலந்து ஏறக்குறைய எழுபது சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் கழுவேலியில் அப்போது கிளுவையும் ஊசிவால் வாத்தும் வடக்கேயிருந்து வந்து இறங்கியிருக்கும். முழங்கால் சேற்றில், கோரைக்குப் பின்னால், பேசாமல், இருமாமல், கொசுவைக்கூட அடிக்காமல் உட்கார வேண்டும். குழல் ஒன்று, வெடி ஒன்று. அது வெடித்துவிட்டால் மருந்து போட்டு, தேங்காய் நாரை இடித்து இறக்கி, ரவை போட்டு, மறுபடி நார் இடித்து, கேப்பு வைத்து, குதிரையைப் பின்னுக்கு இழுப்பதற்குள் அவ்வளவு பறவையும் எழுந்து அடுத்த கரைக்குப் போய்விட்டிருக்கும். ஆகவே தாத்தா சுடுவதைவிடச் சுடாமல் இருந்ததே அதிகம். காற்று எந்தப் பக்கம், வெளிச்சம் எப்படி, கூட்டத்தில் எது முதலில் தலையைத் தூக்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பல நாள் துப்பாக்கி வெடிக்காமலே வீடு திரும்பும். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. சேறும் பனியும் பறவைக் குரலுமாக அந்த விடியல் முழுவதும் எனக்கே கிடைத்துவிட்டதென்ற பூரிப்பு இருந்தது. இத்தனை வயதுக்குப் பிறகும் ஊசிவாலையும் கிளுவையையும் நான் இறக்கைச் சத்தத்திலேயே பிரித்துச் சொல்வேன்.

மழைக்காலத்தில் கழுவேலிக் கரையில் கூடாரம் போடும் நரிக்குறவர் ஒருவர் தாத்தாவுக்குக் கூட்டாளி. அவரிடமும் ஒரே துப்பாக்கி. இருவரும் எதிரெதிரே குந்தி, ஒருவர் துப்பாக்கியை மற்றவர் வாங்கி, குதிரையின் வில் இறுக்கத்தைக் கட்டைவிரலால் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தருவார்கள். தாத்தாவுக்கு அது கௌரவம். கூட்டாளிக்கு அது அன்றைய சோறு. போலீஸ்காரர் வந்தால் முதலில் காகிதம் கேட்பது அவரிடம்தான் என்பது எனக்கு அப்போதே உறுத்தியது. நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்தக் கூட்டாளியின் பேரப்பிள்ளைகள் சாதிச் சான்றிதழோடு பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றால், எங்கள் கரையில் நடந்த மாற்றங்களில் நான் மனதார மகிழும் மாற்றம் அதுதான்.

லைசென்ஸைப் புதுப்பிப்பது இன்னொரு பெரிய யாத்திரை. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல். அதுவரை நாங்கள் தென்னாற்காடு, கலெக்டர் ஆபீஸ் கடலூரில். நேர் வழி பாண்டிச்சேரி வழியாக என்றாலும், துப்பாக்கியோடு அந்த எல்லைக்குள் நுழைய லைசென்ஸ் இடம் கொடுக்காது என்று தாத்தா திண்டிவனம், விழுப்புரம், பண்ருட்டி என்று சுற்றிக்கொண்டு போவார். கோணியில் சுற்றிய குழல் மடியில், லைசென்ஸ் புத்தகம் இடுப்பில். திரும்பும்போது பண்ருட்டிப் பலாச்சுளை இருக்கும் என்பதால் அந்தச் சுற்று வழியை நாங்கள் ஆசையோடு வரவேற்றோம். 1990களின் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. இப்போது காலையில் சென்னைக்குப் போய் மாலையில் திரும்பலாம். மாவட்டம் மாறியதும் போன அந்தச் சுற்றோடு பலாச்சுளையும் போய்விட்டது.

பறவைகளுக்கு நல்ல காலம் மெதுவாகத்தான் வந்தது. 1972இல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் சிலவகைப் பறவைகளை அனுமதி பெற்றுச் சுட இடம் இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அனுமதியையும் எடுத்துவிட்டது. 2021 டிசம்பரில் கழுவேலியில் 5,151 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நான் அதை முழு மனதோடு கொண்டாடுகிறேன். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த உயிர் ஒரு பிடி ரவையில் விழுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அது திரும்ப வேண்டாம். ஆனால் கழுவேலியை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த கண்களும் அந்தத் தலைமுறையோடு போய்விட்டன. கரை ஆக்கிரமிப்பு எங்கே தொடங்குகிறது, எந்த வருஷம் உப்பு ஏறியது, எந்தப் பறவை வராமல் நின்றது என்பதெல்லாம் தாத்தாவுக்குப் பாடம். எங்கள் தெருவில் இன்று அதைச் சொல்ல ஆள் இல்லை.

துப்பாக்கி இன்னும் இருக்கிறது. லைசென்ஸ் ஆளின் பெயரில் வருவது என்பதால், தாத்தா இறந்ததும் அது வீட்டில் இருக்கக் கூடாதென்று காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். அப்பா பெயருக்கு மாறி வர வெகுகாலம் ஆயிற்று. அதன் பிறகு அது வெடித்த நாட்களைவிடக் காவல் நிலையத்தில் படுத்திருந்த நாட்கள் அதிகம். தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 2024இல் மார்ச் 16ஆம் தேதி அறிவிப்பு, ஜூன் 4ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. அதுவரை அது வீட்டில் இல்லை. ரசீதை அப்பா ஸ்வாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். திரும்பி வந்த அன்று ராத்திரியே வெந்நீர் வைக்கச் சொல்வார். சுடாத துப்பாக்கிக்கு எதற்கு வெந்நீர் என்று அம்மா கேட்டுக்கொண்டேதான் அடுப்பை மூட்டுவாள்.

2019 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்த ஆயுதச் சட்டத் திருத்த மசோதா, ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை ஒன்றாகக் குறைக்கப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் இரண்டு என்று முடிவானது. அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “ஒண்ணுக்கு எண்ணெ போடவே நேரம் பத்தல, இவங்க இன்னொண்ண வச்சிக்கினு என்னா பண்ணுவாங்க?” என்றார். அமெரிக்காவில் நூறு பேருக்கு 120 துப்பாக்கி என்று 2018இல் வெளியான சிறு ஆயுதங்கள் பற்றிய ஆய்வு மதிப்பிட்டிருப்பதைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. அத்தனையையும் யார் கழுவுகிறார்கள் என்பதே அவர் கவலை.

பன்றி இப்போதும் வருகிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அதற்கு விதி வகுத்திருக்கிறது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். கொல்லைக்காரன் தன் துப்பாக்கியோடு ராத்திரி உட்கார்ந்திருக்கும் காலம் முடிந்தது. சரிதான், இருட்டில் பன்றியென்று நினைத்து மனிதரைச் சுட்ட கதைகளும் நம் ஊர்களில் உண்டு.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. எழுபது வயதானவர், அல்லது இருபத்தைந்து வருஷம் துப்பாக்கி வைத்திருந்தவர், அதை வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கலாம் என்கின்றன 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள். போன வாரம் கேட்டார்: “உன் பேருக்கு மாத்திக்கிறியாடா, இல்ல ஒப்படைச்சிடலாமா?”

“மாத்திக்கிறேம்ப்பா.”

“சுடப்போறியா?”

“இல்ல. கழுவப்போறேன்.”

ஒரு பொருளை ஐம்பது வருஷம் துருப்பிடிக்காமல் காப்பது எப்படி என்று அவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பாடம் என் மகளுக்கும் போய்ச்சேர வேண்டும். கார்த்திகை விடியலில் அவளைக் கழுவேலிக் கரைக்கு வெறுங்கையோடு அழைத்துப்போய் உட்கார வைக்கவும் ஆரம்பித்திருக்கிறேன். இருமாமல் இருக்க இன்னும் பழகவில்லை. ஆனாலும் கிளுவை எது என்று கண்டுபிடித்துவிட்டாள். மனுவில் ‘நோக்கம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று அப்பாவைக் கேட்டேன். பயிர்க் காவல் என்றே எழுதச் சொன்னார், கொல்லை இன்னும் நம்முடையதுதானே என்றார். அதற்குச் சிட்டா நகல் வேண்டும். திங்கட்கிழமை மரக்காணம் தாலுகா ஆபீசுக்குப் போகிறேன்.