முட்டாப்பய எப்படி அடுக்குவான்?

ஏல பேராண்டி, மனுசப் புத்தியப் பத்திப் பெரிய படிப்புப் படிக்கியாமே? நல்லாப் படி. அந்தப் படிப்புல ரெண்டு பங்காளிக உண்டு, தெரியுமா? ஒருத்தன் உளவியல்காரன். கதவச் சாத்திட்டு மனச அளக்கவன். இன்னொருத்தன் மானிடவியல்காரன். வருசக்கணக்கா ஊர்த் திண்ணையில உக்காந்து கத கேக்கவன். ரெண்டு வீட்டுக்கும் ரொம்ப நாளாப் போக்குவரத்து கிடையாது. வரப்புத் தகராறா? யாரு கண்டா!

மொதல்ல கதவச் சாத்தினவன் கூத்தக் கேளு. 2008ல ஜெஃப்ரி ஆர்னெட்டுன்னு ஒருத்தர், அமெரிக்க உளவியல் சங்கத்துப் பத்திரிகை ஆறை எடுத்து வச்சுக் கணக்குப் பாத்தாரு. சோதிச்ச ஆளுகள்ல நூத்துக்கு 96 பேரு மேல்நாட்டுப் பணக்கார தேசத்து ஆளுக. ஒலகத்துல அவங்க நூத்துக்கு 12 பேருதான். மீதிப்பேருக்கு மனசு இல்லையோ என்னவோ!

சரி, வெளிய வந்தவன் கதைக்கு வா. லைபீரியாவுல கெப்பெல்லேன்னு ஒரு சனம். வெவசாயிக. மைக்கேல் கோல், ஜோசப் கிளிக்குன்னு அமெரிக்காக்காரங்க போயி, கெழங்கு, பழம், கத்தி, மம்பட்டி, பாண்டம், துணின்னு சாமானப் பரப்பி, "எது எதோட சேருமோ சேத்து வைங்க"ன்னாங்க. சம்சாரி என்ன செஞ்சான்? கெழங்குப் பக்கத்துல கத்திய வச்சான். வெட்டணும்லா? வந்தவங்களுக்கு மொகம் வாடிப்போச்சு. இனம் பிரிக்கத் தெரியலியே இவங்களுக்கு! ஏன் இப்படின்னு கேட்டா, "விவரமுள்ளவன் இப்படித்தான் வைப்பான்"னு பதிலு. கடைசியில ஒருத்தர் சலிச்சுப்போயி, "முட்டாப்பய எப்படி வைப்பான்?"னு கேட்டாரு. அம்புட்டுத்தான். திங்கிறது ஒரு பக்கம், ஆயுதம் ஒரு பக்கம், பாண்டம், துணி தனித்தனி. பாடப் புத்தகத்துல இருக்கபடியே!

யோசிச்சுப் பாரு. அந்தக் கேள்விய எந்த வினாத்தாள்லயாச்சும் அச்சடிப்பானா? ஒக்காந்து பேசிச் சலிச்சாத்தாம்ல அது வாயில வரும். அதுக்காவ சாமானப் பரப்பாமலே திண்ணையில வெறும்பேச்சுப் பேசிட்டு வந்திருந்தா, அந்தக் கூத்தும் நடந்திருக்காது.

இப்படி அளக்கப் போயி ஒக்காந்து பேசுறது புதுசுமில்ல. ரிவர்ஸ்னு ஒரு வெள்ளக்கார டாக்டரு. 1898ல ஆஸ்திரேலியாவுக்கு வடக்க தோரஸ் தீவுகளுக்குக் கண்ணு, காது, தோலு அளக்கப் போனாரு. போன எடத்துல, ஒங்கப்பன் பேரென்ன, அத்த பேரென்னன்னு சொந்தபந்தம் விசாரிக்க ஆரம்பிச்சிட்டாரு. அப்புறம் 1901ல நம்ம நீலகிரிக்கு வந்து, அங்க இருக்க தோடர்ங்கிற சனத்துக்கிட்டயும் இதே சோலி. கூடவே கண்ணையும் சோதிச்சாரு. ஒரே நீளத்துல ரெண்டு கோடு. ஒண்ணுக்கு முனை உள்ள மடங்கியிருக்கும், ஒண்ணுக்கு வெளிய விரிஞ்சிருக்கும். எது நீளம்? இங்கிலீஷ்காரன் நல்லா ஏமாந்தான். தோடர் அம்புட்டுக்கு ஏமாறல. கண்ணுகூட ஊருக்கு ஊரு வேறயாத்தான் பாக்குது போல.

நீயும் போறப்போ அளவுகோலக் கொண்டுட்டே போ, நான் வேண்டாங்கல. ஆனா கண்டத அந்த ஊர்க்காரன்கிட்ட, அவன் பேச்சுல வந்து சொல்லு. சீமைப் பத்திரிகையில போட்டுட்டு, படிக்கணும்னா டாலர்ல துட்டுக் கட்டுன்னா எப்படில? அவன் புத்தியப் பத்தி அவனே துட்டுக் குடுத்துப் படிக்கணுமாக்கும்?